பையனுக்கு 15 வயசு, கீழ்த்தாடை முன்னாடி தள்ளிகினு இருக்குது: கிளிப் போதுமா, ஆபரேஷன் வேணுமா?

குடியாத்தம் அம்மா:

வணக்கம். ரெண்டு வாரமா தூக்கம் இல்ல, அதான் இங்க எழுதறேன். பெரிய பையனுக்கு ஆவணி வந்தா 16 முடியுது. பால்பல்லு இருக்கறப்பவே அவனுக்கு கீழ்ப்பல்லு மேல்பல்லுக்கு முன்னாடி வந்து நிக்கும், எங்க மாமனார் வகையறால எல்லாருக்குமே அந்த முகவாக்கட்டைதான், வளர்ந்தா சரியாயிடும்னு மாமியார் சொன்னாங்க, நானும் விட்டுட்டேன். இந்த ஒன்றரை வருஷத்துல ஆளு மடமடன்னு உயர்ந்துட்டான், தாடையும் கூடவே முன்னாடி போயிட்சி. இட்லி தோசைன்னா பிட்டு வாயில போட்டுக்கறதால எனக்கு தெரியல. அன்னைக்கு மாங்கா பத்தைய உப்பு மொளகாத்தூள் போட்டு குடுத்தேன், முன்பல்லால கடிக்கறான், பல்லு பல்லோட சேரவே இல்ல, பத்தை மேல ரெண்டு கோடு மாதிரி தடம் மட்டும் விழுந்துட்சி, அப்புறம் கடவாய்ப்பக்கம் தள்ளி அரைச்சி சாப்ட்டான். பத்தாவது பரீட்சைக்கு போட்டோ எடுக்க போன எடத்துல ஸ்டூடியோக்காரர் வாய மூடுப்பா மூடுப்பான்னு நாலு வாட்டி சொன்னாராம், அவன் மூடிகினுதான் இருந்திருக்கான். இத அவன் எங்கிட்ட சொல்லவே இல்ல, கூட போன சின்னவன் சொன்னான்.

வேலூர்ல ஒரு கிளினிக்ல காட்டினோம், கீழ ரெண்டு பல்லு புடுங்கிட்டு கிளிப் போட்டா 2 வருஷத்துல முடிஞ்சிரும், ஆபரேஷன்லாம் தேவையில்ல, இந்த வாரமே ஆரம்பிக்கலாம், பணம் தவணையில கட்டுங்கன்னு சொன்னாங்க. மனசு கேக்காம இன்னொரு டாக்டர்கிட்ட போனா, இப்ப எதுவும் போடாதீங்க, 18 தாண்டட்டும், தாடை ஆபரேஷன் பண்ணிதான் ஆகணும்ங்கறாரு. ஆபரேஷன்ற வார்த்தைய கேட்டதும் எங்க வீட்டுக்காரர் எழுந்து வெளிய போயிட்டாரு. யார் சொல்றது சரி? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க, கையெடுத்து கேக்கறேன்.

காட்பாடி பல் டாக்டர்:

அம்மா, நான் கிளிப் போடற டாக்டர்தான், பையன பாக்காம இதுதான்னு சொல்ல முடியாது, ஆனா ஒரு விஷயம் உங்களுக்கு யாரும் சொல்லலன்னு நெனைக்கறேன். அந்த ரெண்டு வைத்தியமும் பல்லை எதிரெதிர் பக்கம் தள்ளும்.

கீழ்த்தாடை எலும்பு முன்னாடி இருந்தா பல்லுங்க தானாவே அதுக்கு ஏத்த மாதிரி சாஞ்சிக்கும், கீழ்ப்பல்லு நாக்கு பக்கமா உள்ள சாயும், மேல்பல்லு உதட்டு பக்கமா வெளிய சாயும். கிளிப் மட்டும் போட்டு சமாளிக்கறதுன்னா அந்த சாய்வ இன்னும் கொஞ்சம் கூட்டி, மேல்பல்லுக்குள்ள கீழ்ப்பல்லு அடங்கற மாதிரி உக்கார வைக்கறது, எலும்பு இருந்த எடத்துலயே இருக்கும். ஆபரேஷன்னா அதுக்கும் முன்னாடி கிளிப் போடணும், ஆனா இந்த வாட்டி சாய்வ எடுத்துட்டு பல்லை அதது எலும்பு மேல நேரா நிக்க வைப்போம். அப்ப கடி முன்ன இருந்தத விட மோசமா தெரியும், 12லருந்து 18 மாசம் வரைக்கும் அப்படிதான் இருக்கும், அப்புறம்தான் சர்ஜன் எலும்ப வெட்டி நகர்த்துவாரு, அதுக்கு மேலயும் 6 மாசம் ஒரு வருஷம் கிளிப் இருக்கும். அதனால எந்த வழின்னு முடிவாகாம முதல் கம்பியே கட்டக் கூடாது, பல்லு புடுங்கவே கூடாது. புடுங்கின பல்லு திரும்ப வராது.

முடிவு பண்ண தலைய பக்கவாட்டுல எடுக்கற எக்ஸ்ரே வேணும், லேட்டரல் செபலோகிராம்னு கேளுங்க, சுருக்கமா செஃப்னு சொல்லுவோம். மேல்தாடைக்கும் கீழ்தாடைக்கும் உள்ள கோணத்த அதுல அளப்போம், சாதாரணமா 2 டிகிரி கிட்ட இருக்கும், இந்த மாதிரி பசங்களுக்கு சைபருக்கும் கீழ போகும். கீழ்த்தாடை நீண்டிருக்கா, மேல்தாடை பின்தங்கிட்சா, ரெண்டுமான்னும் அதுலதான் தெரியும். வெளியருந்து பாக்கறவங்களுக்கு எல்லாமே தாடை நீட்டமாதான் தெரியும், ஆனா மேல்தாடை பின்தங்கினவனுக்கு கீழ்த்தாடைய வெட்டினா சரியா வராது.

வீட்லயே ஒண்ணு பண்ணி பாருங்க. நாக்கு நுனிய மேலண்ணத்துல நல்லா பின்னாடி மடிச்சி வெச்சிகினு மெதுவா கடிக்க சொல்லுங்க. அப்ப முன்பல்லு நுனியும் நுனியும் வந்து தொட்டுச்சின்னா, கடிக்கறப்ப தாடை முன்னாடி வழுக்குற கேஸா இருக்கலாம், அதுல கிளிப்லயே நல்லா வர வாய்ப்பு அதிகம். தொடவே இல்லன்னா எலும்புல வித்தியாசம் இருக்குன்னு நெனைச்சிக்கலாம். இது ஒரு அறிகுறிதான், முடிவு எக்ஸ்ரேலதான்.

அடுத்தது வளர்ச்சி. பொண்ணுங்களுக்கு பெரும்பாலும் 15, 17க்குள்ள நின்னுடும், பசங்களுக்கு கீழ்த்தாடை 18 தாண்டி சிலருக்கு 20, 21 வரைக்கும் கூட போகும். வயச மட்டும் வெச்சி சொல்ல முடியாது, 6 மாசமோ ஒரு வருஷமோ இடைவெளி விட்டு எடுத்த ரெண்டு செஃப ஒண்ணு மேல ஒண்ணு வெச்சி பாப்போம், கோடு நகரலன்னா நின்னுட்சி. நிக்கறதுக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணா திரும்ப வளர்ந்து வரும், கிளிப்புக்கும் அதே கதிதான்.

கிளிப் சொன்ன டாக்டர நான் தப்பா சொல்லல. வித்தியாசம் லேசா இருந்து, வளர்ச்சியும் நின்னு, தன் முகத்துல அவங்களுக்கே குறை தெரியலன்னா கிளிப் மட்டும் நல்ல வைத்தியம்தான், நானே பண்றேன். ஆனா அளவுக்கு மீறி கீழ்ப்பல்லை உள்ள சாச்சா ஈறு இறங்கிடும், முன்பக்கம் அங்க எலும்பு ரொம்ப மெல்லிசு.

பாலாத்து பையன்:

அக்கா, நான் ஆற்காடு. இப்ப 26 வயசு. உங்க பையன் கதை என் கதைதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

14 வயசுல எனக்கு கீழ ரெண்டு பல்லு எடுத்து கிளிப் போட்டாங்க, எந்த டாக்டர்னு இங்க வேணாம். எக்ஸ்ரேன்னு பல்லு வரிசை தெரியற ஒரு படம் மட்டும்தான் எடுத்தாங்க, வளர்ச்சிய பத்தி ஒரு வார்த்தை இல்ல. 16ல கழட்டினப்ப சூப்பரா இருந்துச்சி, அப்பா எல்லாருக்கும் மக்கன் பேடா வாங்கி குடுத்தாரு. 17ல நுனியோட நுனி இடிச்சிது. 18ல கீழ்ப்பல்லு திரும்ப முன்னாடி வந்துட்சி. கிளிப் கழட்டினப்புறம் பல்லு நகராம இருக்க மாட்டிக்கற ரிடெய்னர நான் ஒழுங்கா போடலன்னு வீட்ல எல்லாரும் என்னையே திட்டினாங்க, நானும் ரொம்ப நாள் என் தப்புதான்னு நம்பிகினு இருந்தேன். 21ல வேற எடத்துல காட்டினப்பதான் தெரிஞ்சிது, பல்லு திரும்பல, தாடை வளர்ந்திருக்குது. மறுபடியும் கிளிப். உள்ள தள்ளின பல்லை வெளிய கொண்டாந்து, புடுங்கின எடத்துல திரும்ப சந்து உண்டாக்கி, அதுக்கே 20 மாசம். அந்த சந்துல இப்ப செயற்கை பல்லு இருக்குது.

23ல ஆபரேஷன். வெளிய ஒரு தழும்பு கிடையாது, எல்லாம் வாய்க்குள்ளயே வெட்டறாங்க, டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்தறாங்க. எனக்கு 4 மணி நேரம் ஆச்சி, மூணு நாள் ஆஸ்பத்திரி. மொத ராத்திரி கஷ்டம், பொய் சொல்ல மாட்டேன். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் போட்டு இழுத்து வெச்சிருப்பாங்க, மூக்கு அடைச்சிக்கும், அம்மா ராத்திரி பூரா என் கைய புடிச்சிகினே உக்காந்திருந்தாங்க. மூணாவது நாள்தான் வீக்கம் உச்சம், கண்ணாடி பாக்காதன்னு நர்ஸ் அக்கா சொன்னாங்க, பாத்துட்டு அழுதுட்டேன். ரெண்டு வாரம் தண்ணி ஆகாரம்தான், கேழ்வரகு கூழ வடிகட்டி, சிரிஞ்ச்ல சின்ன ட்யூப் மாட்டி கன்னத்தோரமா விடணும், அப்புறம் ஒரு மாசம் கொழைய கொழைய ரசம் சாதம். 6 கிலோ எறங்கிட்டேன்.

ஒண்ணு கண்டிப்பா கேட்டு வெச்சிக்கோங்க, கீழ்த்தாடைக்குள்ள ஒரு நரம்பு ஓடுது, அது உதட்டுக்கும் முகவாக்கட்டைக்கும் உணர்ச்சி குடுக்கற நரம்பு. ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லாருக்கும் கொஞ்ச நாள் மரத்து இருக்கும், நெறைய பேருக்கு மாசக்கணக்குல திரும்பிடும், சிலருக்கு ஒரு பக்கம் அப்படியே தங்கிடும். எனக்கு இடது பக்கம் ஒரு ரூபா காசு அளவுக்கு இன்னும் மரத்துதான் இருக்குது. ரசம் ஒழுகினா தெரியாது, அம்மா கண்ணால காட்டுவாங்க, தொடைச்சிக்குவேன். அதோட வாழ முடியுது. போன வாரம் ஒரு கொய்யாவ முழுசா முன்பல்லால கடிச்சி சாப்ட்டேன் அக்கா, 26 வயசுல.

தம்பிகிட்ட பேசுங்க. என்கிட்ட யாருமே கேக்கல, 14லயும் கேக்கல.

ஆரணி அப்பா:

எங்க பொண்ணுக்கு நேர் எதிர் பிரச்சனை, கீழ்த்தாடை பின்னாடி, மேல்பல்லு எடுப்பா இருந்துச்சி. 11 வயசுல ட்வின் பிளாக்னு ஒரு கழட்டி மாட்ற பிளேட் குடுத்தாங்க, வளர்ற வயசுலதான் அது வேலை செய்யும்னு சொன்னாங்க, ஒரு வருஷம் போட்டா, அப்புறம் சாதா கிளிப், ஆபரேஷன் பேச்சே வரல. அதனால உடனே போடுங்கன்னு எழுதலாம்னுதான் வந்தேன், மேல இருக்கறத படிச்சதும் தெரியுது, உங்க பையனுக்கு வளர்ச்சி எதிரி, எங்க பொண்ணுக்கு அதே வளர்ச்சி கூட்டாளி. ஒருத்தர் வைத்தியம் இன்னொருத்தருக்கு ஆகாது போல. கிளிப் போட்டா மல்லாட்டை, முறுக்கு, கரும்பு எல்லாம் நிறுத்தணும், அத மட்டும் சொல்லிடறேன், எங்க பொண்ணு பொங்கலுக்கு கரும்ப கடிச்சி, பல்லு மேல ஒட்டியிருந்த ரெண்டு பிராக்கெட்ட பேத்துட்டா.

இன்சூரன்ஸ் இருந்தா முன்கூட்டியே கேளுங்க. அழகுக்காக பண்றதுன்னு தள்ளிடுவாங்க, அதனால மெல்ல முடியல, கடி சேரலன்னு டாக்டர் லெட்டர்ல தெளிவா எழுதி வாங்குங்க.

குடியாத்தம் அம்மா:

மூணு மாசம் கழிச்சி எழுதறேன், எல்லாருக்கும் நன்றி. நாக்க மடிச்சி கடிக்க சொன்னேன், தொடல, நடுவுல என் சுண்டுவிரல் நகம் போற அளவுக்கு எடம் இருந்துச்சி. அப்பவே எனக்கு பாதி தெரிஞ்சிபோச்சி. கிளிப் டாக்டரும் சர்ஜனும் ஒரே எடத்துல உக்காந்து பாக்கற ஆஸ்பத்திரியா தேடி போய் செஃப் எடுத்தோம், கோணம் மைனஸ் 4ன்னு வந்துட்சி, மேல்தாடையும் கொஞ்சம் பின்தங்கி இருக்குதாம். இப்ப ஒண்ணும் போட வேணாம், சொத்தை இருந்தா மட்டும் அடைங்க, தை மாசம் அடுத்த எக்ஸ்ரேன்னு சொல்லிட்டாங்க. பல்லு புடுங்கல.

ஆற்காட்டு தம்பி எழுதினத எங்க வீட்டுக்காரர் தறி நிறுத்தினப்புறம் ராத்திரி ரெண்டு வாட்டி படிச்சாரு. மறுநாள் அவரே பையன கூப்ட்டு உக்கார வெச்சி கேட்டாரு. அவன் சொன்னான், ஆபரேஷனுக்கு பயம் இல்லப்பா, அதுவரைக்கும் ரெண்டு வருஷம் கிளாஸ்ல என்ன பேரு வெச்சி கூப்பிடுவாங்களோ அதுதான்னு. எனக்கு தொண்ட அடைச்சிகிச்சி. நானே ஸ்கூலுக்கு போய் கிளாஸ் டீச்சர்கிட்ட பேசிட்டு வந்தேன், அவங்க நல்லா காது குடுத்து கேட்டாங்க.

டாக்டர் ஐயா, அந்த ஆஸ்பத்திரில உயரத்தையும் குறிச்சி வைக்க சொன்னாங்க, அதனால ஒவ்வொரு மாசமும் நெலக்கதவுல நிக்க வெச்சி பென்சில்ல கோடு போடறேன். நேத்து போட்டது ஆனி மாசத்து கோட்டுக்கு மேல ஒரு விரக்கடை ஏறியிருக்குது.

காட்பாடி பல் டாக்டர்:

அப்ப இன்னும் வளர்ந்துகினு இருக்கான்மா. தை எக்ஸ்ரேவ அதே மெஷின்லயே எடுங்க, இல்லன்னா ரெண்டையும் மேல வெச்சி பாக்கறப்ப அளவு மாறும். கடவாய் கடைசி பல்லு உள்ள எப்படி கிடக்குதுன்னும் அப்பவே பாக்க சொல்லுங்க, கீழ்த்தாடைய வெட்டற எடம் அதுகிட்டதான் வரும், எடுக்கணும்னா ஆபரேஷனுக்கு 6 மாசம் முன்னாடியே எடுத்துடுவாங்க.