எட்டு வழிச் சாலைக்காக நிலம் அளந்தது நினைவிருக்கிறவர்கள் உதவுங்கள்

வணக்கம். நான் சேலத்தில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் நிலம் எடுப்புச் சட்டங்கள் பாடம் போகிறது. வெள்ளைக்காரன் போட்ட 1894 சட்டம் போய் 2013-ல் புதுச் சட்டம் வந்தது, இனி நிலம் எடுப்பதற்கு முன்னால் அங்கிருக்கிற மக்களுக்கு என்ன பாதிப்பு என்று ஆய்வு செய்ய வேண்டும் என்று படித்தபோது பரவாயில்லையே என்று தோன்றியது. அப்புறம் அந்தப் புதுச் சட்டத்தின் நான்காவது அட்டவணையைப் பார்த்தால், 1956 தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி எடுக்கிற நிலத்துக்கு அந்த ஆய்வே கட்டாயமில்லையாம்! நம்ம சேலம்-சென்னை எட்டு வழிச் சாலை அந்த வழியில்தான் வந்தது.

2018-ல் அளவுக்கல் நட்டபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை, எங்கள் மாமா தென்னந்தோப்பில் பாட்டி அழுதது மட்டும் ஞாபகம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியதும் செய்தியில் கிடைக்கிறது. தோட்டத்துக்காரர் கையில் என்ன காகிதம் கொடுத்தார்கள் என்பதுதான் கிடைக்கவில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பது பற்றிய செய்தி பார்க்கும்போதெல்லாம் இதுதான் மண்டையில் ஓடுகிறது.

அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் பக்கம் யாரிடமாவது அப்போது வந்த நோட்டீஸ் இருந்தால், பெயரையும் சர்வே எண்ணையும் மறைத்துவிட்டு ஒரு போட்டோ அனுப்புவீர்களா? ஆட்சேபணை மனு எழுதியவர்கள் பேசச் சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நேரிலேயே வருகிறேன். கட்டுரை கொடுக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது.