இரண்டாவது கியரில் எழும் உரசல்: உங்கள் அனுபவம் என்ன?

கோலாலம்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

வணக்கம் நண்பர்களே. பின்சக்கர இயக்கமும் ஆறு வேக மேனுவல் கியரும் கொண்ட பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நான் வாங்கி ஓராண்டு ஆகிறது. மூன்றாம் மாதத்திலிருந்தே முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது கியர்த் தண்டு எதிலோ முட்டியதுபோல் நின்றுவிடும். சற்று அழுத்தினால் பற்கள் உரசும் ஓசை காலடியில் கேட்கும். காலையில் வீட்டைவிட்டுப் புறப்படும்போது இது குறைவாகவும், மாலையில் ஜாலான் துன் ரசாக் நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகு மிகுதியாகவும் இருந்தது. அந்த வேறுபாட்டிலேயே பாதி விடை இருந்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

முதலில் சென்ற பட்டறையில் காரை ஓட்டிப் பார்க்காமலேயே, கியர்பாக்ஸை இறக்கிச் சிங்க்ரோ வளையத்தை (கியர் மாறும்போது வேகங்களை உராய்வால் ஒத்துவரச் செய்யும் சிறு வளையம்) மாற்றவேண்டும் என்று சொல்லிப் பல ஆயிரம் ரிங்கிட் கேட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளும் நிலையில்தான் இருந்தேன். நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் செந்தூலில் வேறொரு பட்டறைக்கும் காரைக் கொண்டுபோனேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் அண்ணன், எஞ்சினை அணைத்துவிட்டு ஆறு கியரையும் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். அத்தனையும் தடையின்றி விழுந்தன. பிறகு எஞ்சினை இயக்கி, கிளட்ச்சை முழுவதும் மிதித்து ஐந்து விநாடி காத்திருந்து பின்னோக்கு கியரைப் போடச் சொன்னார். அது உரசிக்கொண்டு விழுந்தது. கடைசியாகச் சமதரையில் முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே எஞ்சினின் வேகத்தைக் கூட்டியபோது, கார் மெல்ல முன்னே நகர்ந்ததை நானே பார்த்தேன். "தம்பி, கியர்பாக்ஸைத் தொடாதீங்க. கிளட்ச் முழுசா விடல, அதை முதல்ல பார்ப்போம்" என்றார்.

அவர் விளக்கியதை எழுதுகிறேன். கியர் மாறும்போது கியர்பாக்ஸின் உள்தண்டு புதிய வேகத்துக்கு வரவேண்டும். அதைச் செய்வது சிங்க்ரோ வளையத்தின் உராய்வு. எடுத்துக்காட்டாக, பலரும் அறிந்த டொயோட்டா 86 காரின் முதல் கியர் விகிதம் 3.626, இரண்டாவது 2.188. நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் மாற்றினால் உள்தண்டு ஏறக்குறைய 2,400 சுழற்சிகளை இழக்கவேண்டும். அதே காரில் நான்கிலிருந்து ஐந்துக்கு மாற்றினால் இழக்கவேண்டியது ஏறக்குறைய 1,050 மட்டுமே. பல கார்களில் இரண்டாவது கியரே முதலில் முரண்டு பிடிப்பதற்கு இதுதான் காரணம். கிளட்ச் முழுமையாக விலகாதபோது எஞ்சின் அந்த உள்தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பாவம், அந்தச் சிறிய வளையம் ஓடுகின்ற எஞ்சினோடு போராடவேண்டியிருக்கிறது.

மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியாக வாங்கிக் கிளட்ச்சை விலக்கும் கீழ்ப் பம்பில் கசிவு இருந்தது. எண்ணெயோ கறுத்துப் போயிருந்தது. அதில் ஊற்றும் டாட் 4 வகை எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. அதன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி என்றும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் குறைந்தது 155 டிகிரி என்றும் தரவிதி கூறுகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்ட எண்ணெய், நெரிசலின் வெப்பத்தில் ஆவிக்குமிழி கண்டால், கால் மிதிக்கும் அழுத்தம் முழுவதும் கிளட்ச்சைச் சென்று சேராது. பம்பை மாற்றி, புதிய எண்ணெய் ஊற்றிக் காற்றை வெளியேற்றியதும் மாலை நேரத்து உரசல் நின்றது.

ஆயினும் இரண்டாவது கியரில் ஒரு சிறு தயக்கம் எஞ்சியிருந்தது. விசாரித்ததில், முன்பு யாரோ பின்னச்சின் டிஃபரென்ஷியலுக்குரிய (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) ஜிஎல்-5 வகை எண்ணெயையே கியர்பாக்ஸிலும் ஊற்றியிருப்பது தெரியவந்தது. அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் மிகுதி. அது பற்களைக் காக்கும், ஆனால் வளையத்துக்குத் தேவையான உராய்வைக் குறைத்துவிடும், சில வகைகள் வளையத்தின் பித்தளையையும் அரிக்கும். கையேட்டில் குறித்திருந்தபடி ஜிஎல்-4 வகை, 75டபிள்யூ-90 தடிமன் குறியீடு கொண்ட எண்ணெயை ஊற்றிய இரண்டு வாரங்களில் கியர்த் தண்டு இலகுவாக விழத் தொடங்கியது. இரண்டு வேலைக்கும் சேர்த்து ஆன செலவு, முதல் பட்டறை கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பினாங்கிலிருந்து ஓர் உறுப்பினர்:

மிகப் பயனுள்ள பதிவு, நன்றி அண்ணா. என் காரின் சிக்கல் வேறு வகையானது. தெலோக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் செல்லும் வளைவுச் சாலையில், ஆக்சிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கியர்த் தண்டு தானாகவே முன்னும் பின்னும் அசையும். மூன்றாவது கியர் சில நேரம் கழன்றுகொள்ளும். நானும் கியர்பாக்ஸ் போய்விட்டது என்றே கலங்கினேன். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் ஒன்று கிழிந்திருந்தது. எஞ்சின் ஆடும்போது கியர்பாக்ஸும் சேர்ந்து ஆடியதால் கியர் முழுமையாக உட்காரவில்லை. அதை மாற்றியபின் கழலவில்லை.

என்னிடமிருந்த ஒரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். ஓட்டும் நேரமெல்லாம் கையைக் கியர்த் தண்டின்மீதே வைத்திருப்பேன். அந்தச் சிறு பாரம் உள்ளே ஷிஃப்ட் ஃபோர்க்கை (கியரைத் தள்ளி மாற்றும் கவை), அது தள்ளும் சுழலும் உறையின்மீது இடைவிடாது தேய்க்கும் என்று பட்டறையில் அறிந்த நாளிலிருந்து அதை விட்டுவிட்டேன்.

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் உறுப்பினர்:

என்னுடையதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் காரின் தரையில் கிடந்த பழைய விரிப்பின் மேல் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டிருந்தேன். கிளட்ச் மிதி அதில் முட்டி, கடைசி இரண்டு சென்டிமீட்டர் கீழே இறங்கவில்லை. எடுத்துப்போட்டேன், உரசல் போயிற்று.

ஒரு கேள்வி: காலையில் முதல் ஐந்து நிமிடம் மட்டும் கியர் கடினமாக விழுகிறது. இதுவும் பழுதா?

கோலாலம்பூரிலிருந்து முதல் உறுப்பினர்:

ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்றால் நான் அஞ்சமாட்டேன். நமக்குக் குளிர்காலம் இல்லை என்றாலும், விடியற்காலை 24 டிகிரியில் கிடக்கும் கியர் எண்ணெய், ஓடிச் சூடேறிய எண்ணெயைவிடப் பலமடங்கு தடித்ததே. அதுவரை எஞ்சினை விரட்டாமல், கியர்த் தண்டு நடுநிலையைக் கடக்கும்போது ஒரு கணம் நிறுத்தி மாற்றுங்கள். சூடேறிய பிறகும் கடினமாக இருந்தால், எஞ்சினை அணைத்து ஒரு முறையும் இயக்கி ஒரு முறையும் எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். எந்த நிலையில் எந்தக் கியர் முரண்டு பிடிக்கிறது என்பதை இங்கே எழுதுங்கள். செந்தூல் அண்ணனிடம் நானே கேட்டுச் சொல்கிறேன்.