ஸ்டியரிங் யார் கைல இருக்குன்னு பாத்துட்டுதான் போலீஸ் பேச்சே மாறுது – உங்க அனுபவத்தையும் எழுதுங்க

வைகைக்கரை (மினசோட்டா):

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு சொந்த ஊர் மதுரை, இப்ப செயின்ட் பால் பக்கத்துல இருக்கோம். வீட்டுக்காரர் கறுப்பினத்தவர், இங்கயே பொறந்து வளந்தவர். ரெண்டு பசங்க. பெரியவன் பர்மிட் வாங்கி கார் பழகிட்டு இருக்கான், அதுல இருந்து எனக்கு ராத்திரி தூக்கம் சரியில்ல, அதான் எழுதுறேன்.

நம்ம ஆளுங்க கூடுற இடத்துல கறுப்பினத்தவங்கள போலீஸ் நிறுத்துறதப் பத்தி வாயத் திறந்தாலே "அது அவங்களுக்கும் போலீசுக்கும் உள்ளது, நமக்கு எதுக்கு"ன்னு பேச்ச மாத்திடுறாங்க. எனக்கு அது வீட்டுக்குள்ள இருக்குற விஷயம்ங்க, மாத்த முடியாது.

நான் ஓட்டும்போது ஸ்பீடுக்காக நிறுத்திருக்காங்க. ஒரு ஆபீசர் வருவார், குனிஞ்சு லைசென்ஸ் கேப்பார், "கொஞ்சம் பாத்து போங்க மேடம்"னு வார்னிங் குடுத்து அனுப்பிடுவார். அதே கார், அதே ரோடு, வீட்டுக்காரர் ஓட்டினா கதையே வேற. பின்னாடி ரெண்டாவது போலீஸ் கார் வந்து நிக்கும், ரெண்டு பக்கமும் ஆள் வருவாங்க, ஒருத்தர் கை இடுப்புல துப்பாக்கி மேலயே இருக்கும், டார்ச் அடிச்சு பின் சீட்ல தூங்குற பிள்ள மூஞ்சில வெளிச்சம் விழும், இது யார் காரு எங்க இருந்து வரீங்கன்னு கேள்வி. ஒரு தடவ என் பக்க ஜன்னல்ல நின்ன ஆபீசர் மெதுவா குனிஞ்சு "மேடம், நீங்க பத்திரமா இருக்கீங்களா, இவர உங்களுக்குத் தெரியுமா"ன்னு கேட்டார். என் புருஷன எனக்குத் தெரியுமான்னு. பின்னாடி பிள்ள முழிச்சு கேட்டுட்டு இருக்கான். எனக்கு தொண்ட அடச்சிருச்சு, "என் கணவர்"னு மட்டும் சொன்னேன்.

அந்த நேரத்துல அவர் குரலே மாறிடும். வீட்ல சத்தமா சிரிச்சுப் பேசுற மனுஷன், அங்க ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே சொல்லிட்டுதான் செய்வார், "இப்ப என் பர்ஸ எடுக்கப் போறேன், வலது பாக்கெட்ல இருக்கு, எடுக்கலாமா"ன்னு. அது எங்க மாமியார் அவருக்கு சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்தது. இங்க கறுப்பினக் குடும்பங்கள்ல பையன் பன்னெண்டு பதிமூணு வயசுக்கு வந்துட்டா உக்கார வச்சு இதெல்லாம் சொல்லிடுவாங்க. கை ரெண்டும் ஸ்டியரிங் மேல, உள் லைட்ட போடு, எதிர்த்துப் பேசாத, ஓடாத, முதல்ல உயிரோட வீடு வந்து சேரு, நியாயம் அப்புறம் கேப்போம். இப்ப மாமியார் என் பையனுக்கு சொல்லிக் குடுக்குறாங்க, நானும் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்.

எங்க அம்மாட்ட போன்ல இத சொன்னா "அவன் ஒண்ணும் அவ்ளோ கறுப்பு இல்லடி, நம்ம கலர்தான், மாநிறம், அவனுக்கு ஒண்ணும் வராது"ங்குறாங்க. அம்மா ஆறுதலுக்குதான் சொல்றாங்க. ஆனா டான்டே ரைட்னு ஒரு பையன், 20 வயசு, அவன் அம்மா வெள்ளக்காரம்மா, அப்பா கறுப்பினத்தவர், நம்ம வீடு மாதிரிதான் கலந்த குடும்பம். 2021 ஏப்ரல் 11, இங்க ப்ரூக்ளின் சென்டர்ல நிறுத்துனாங்க. நம்பர் பிளேட் ஸ்டிக்கர் காலாவதி, கண்ணாடில ஏர் ஃப்ரெஷ்னர் தொங்குது, அதான் காரணம். அந்தப் பையன் உடனே அம்மாவுக்குத்தான் போன் போட்டான். இன்சூரன்ஸ் விவரம் நான் சொல்றேன், போன ஆபீசர்ட்ட குடுன்னு அந்தம்மா சொல்லிட்டு இருக்காங்க, லைன் கட் ஆகுது. திரும்பப் பேசும்போது பையன் சுடப்பட்டுக் கெடக்குறான். அவன் மேல ஒரு வாரண்ட் இருந்துச்சு, கைது பண்ணப் போனப்ப திமிறிக்கிட்டு கார்ல ஏறினான், அது உண்மை. 26 வருஷ சர்வீஸ் உள்ள ஆபீசர் டேசர் டேசர்னு (கரண்ட் ஷாக் குடுக்குற கருவி) கத்திக்கிட்டே கைத்துப்பாக்கியால சுட்டுட்டாங்க, அதுவும் உண்மை. அவங்களுக்கு ரெண்டு வருஷம் தண்டன. 2020-ல போலீஸ் கழுத்துல முட்டி போட்டுக் கொன்ன ஜார்ஜ் ஃப்ளாய்டோட கொலை கேஸ் விசாரணை அப்ப பக்கத்து மினியாபொலிஸ் கோர்ட்ல நடந்துட்டு இருக்கு, அதே நேரத்துல இது.

அந்தம்மாவோட வெள்ளத் தோல் மகனுக்கு ஒதவல. என் மாநிறம் என் மகனுக்கு எப்படிங்க ஒதவும்?

கலந்த குடும்பமா இருக்குறவங்க, இல்ல இந்த மாதிரி எதையாவது நேர்ல பாத்தவங்க, எழுதுங்க.

கொங்கு மண்வாசனை (நார்த் கரோலினா):

அக்கா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. நாங்க கலந்த குடும்பம் இல்ல, ஆனா நம்ம தோல் நம்மளக் காப்பாத்தும்னு நெனக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும்.

எங்கப்பா ஈரோட்டுல இருந்து ஆறு மாசம் வந்து இருந்தார். ஊர்ல காலைல நடக்குற பழக்கம், இங்கயும் மப்ளர் கட்டிக்கிட்டு கைய பின்னால கோத்துக்கிட்டு ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்தையும் நின்னு நின்னு பாத்துட்டு போவார். ஒரு நாள் போலீஸ் கார் பக்கத்துல வந்து நின்னுருச்சு, அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, சிரிச்சுக்கிட்டே சட்டப் பாக்கெட்ல கைய விட்டு நான் எழுதிக் குடுத்த அட்ரஸ் சீட்ட எடுக்கப் போயிருக்கார். நல்ல வேளை அந்த ஆபீசர் பொறுமையான ஆளு, வீடு வரைக்கும் கூடவே நடந்து வந்து விட்டுட்டுப் போனார். அப்பா சந்தோஷமா "நல்ல பையன்"னார். எனக்கு கை கால் நடுங்குச்சு.

ஏன்னா 2015 பிப்ரவரில அலபாமா மாநிலம் மேடிசன்ல சுரேஷ்பாய் படேல்னு குஜராத்காரர், 57 வயசு, பேரனப் பாத்துக்க வந்தவர், இதே மாதிரி மகன் வீட்டுத் தெருவுல நடந்தார். யாரோ ஒருத்தர் ஒல்லியா ஒரு கறுப்பு ஆளு வீடுகள நோட்டம் விடுறான்னு போன் பண்ணிட்டார். வந்த போலீஸ்ட்ட "நோ இங்கிலீஷ்"னு சொல்லிருக்கார். கைய பின்னால பிடிச்சு அப்படியே தரைல அடிச்சுத் தள்ளுனதுல முதுகுத்தண்டு அடிபட்டு கை கால் விழுந்துபோச்சு. வீடியோவே இருக்கு. அந்த ஆபீசர் மேல கேஸ் ரெண்டு தடவ நடந்து ரெண்டு தடவையும் ஜூரி ஒத்துப்போகல, கடைசில ஜட்ஜே விடுதலை பண்ணிட்டார். போன் பண்ண ஆளுக்கு படேல் கறுப்பராத்தான் தெரிஞ்சார். நம்ம என்ன பெருமை பேசுனாலும் ஜன்னல் வழியா பாக்குறவனுக்கு நம்ம ஜாதகம் தெரியாதுங்க.

இப்ப அப்பா கழுத்துல ஐடி கார்டு மாதிரி எங்க பேர், நம்பர் தொங்கும். பாக்கெட்ல கைய விடவே கூடாதுன்னு சொல்லிட்டேன்.

டல்லாஸ்வாசி:

எல்லாரையும் மதிச்சே சொல்றேன், கோவப்படாதீங்க. எங்க பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ், நல்ல மனுஷன், ஒவ்வொரு நாளும் அவர் மனைவி பயந்துக்கிட்டேதான் அனுப்புறாங்க. டெக்சஸ்ல 2021-ல இருந்து 21 வயசுக்கு மேல பெரும்பாலானவங்க பர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி வச்சுக்கலாம். ஒவ்வொரு காருக்குள்ளயும் துப்பாக்கி இருக்கலாம்னு நெனச்சுத்தான் அவர் கிட்ட போகணும், அவருக்கும் உயிர் பயம் இருக்கும்ல. சட்டப்படி நடந்து, உண்மையச் சொல்லி, சொன்னதக் கேட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனக்கிறேன்.

வைகைக்கரை (மினசோட்டா):

சகோ, கோவம் இல்ல. துப்பாக்கி எல்லார் கைலயும் இருக்குறதால போலீசுக்கும் பயம்னு சொன்னீங்க, அது சரி, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா உண்மையச் சொன்னா ஒண்ணும் ஆகாதுங்குறதுதான் எங்க ஊர்ல பொய்யாப் போச்சு.

ஃபிலாண்டோ காஸ்டில், 32 வயசு, செயின்ட் பால்ல ஒரு ஸ்கூல் கேன்டீன்ல வேல. எந்தப் பிள்ளைக்கு எந்த சாப்பாடு ஒத்துக்காதுன்னு மனப்பாடமா வச்சிருந்த மனுஷன். 2016 ஜூலை 6, ஃபால்கன் ஹைட்ஸ்ல நிறுத்துனாங்க. பிரேக் லைட் எரியலன்னு சொன்னாங்க, ஆனா அதுக்கு முன்னாடியே அந்த ஆபீசர் ரேடியோல, மூக்கு அகலமா இருக்கு, தேடுற திருட்டு ஆளு மாதிரி இருக்கான்னு பேசுனது பதிவாயிருக்கு. காஸ்டில்ட்ட முறையான துப்பாக்கி பர்மிட் இருந்துச்சு. மரியாதையா "சார், எங்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு உங்கட்ட சொல்லணும்"னார். லைசென்ஸ் கேட்டதும் அந்த ஆபீசர்தான். கொஞ்ச நொடில ஏழு குண்டு. பக்கத்துல காதலி, பின் சீட்ல அவங்களோட நாலு வயசுப் பொண்ணு. அந்தம்மா ஃபேஸ்புக் லைவ்ல பேசுனத உலகமே பாத்துச்சு. சுட்ட ஆபீசர் வெள்ளக்காரர் கூட இல்ல, மெக்சிகன் வம்சாவளி. 2017 ஜூன்ல விடுதலை ஆயிட்டார்.

காஸ்டில அதுக்கு முன்னாடியே எத்தனையோ தடவ ட்ராஃபிக்ல நிறுத்திருக்காங்க, பெரும்பாலும் சில்லறக் காரணம். அதனாலதான் எங்க ராம்சே கவுண்டில 2021-ல அட்டர்னி, அதாவது கேஸ் நடத்துற அரசு வக்கீல், ஒரு முடிவு சொன்னார், உடைஞ்ச லைட்டு, காலாவதி ஸ்டிக்கர் மாதிரி விஷயத்துக்காக நிறுத்தி அதுல இருந்து கிளம்புற கேஸ பெரும்பாலும் எடுக்க மாட்டோம்னு. இது எனக்கு பெரிய விஷயம் சகோ. போலீஸ் வேணாம்னு நான் சொல்லல, என் வீட்ல திருட்டு நடந்தா அவங்களத்தான் கூப்பிடுவேன். ஏர் ஃப்ரெஷ்னருக்காக ஆயுதம் வச்சிருக்குற ஆள் என் பையன் ஜன்னலுக்கு வர வேணாம், அவ்ளோதான் கேக்குறேன்.

கன்சாஸ் காத்து:

அக்கா சொன்னதோட ஒண்ணு சேக்குறேன். போலீஸ் மட்டும் இல்ல, இங்க எங்க ஏரியால ரெண்டு தடவையும் சுட்டது சாதாரண ஆளு.

2017 பிப்ரவரி 22, ஒலாத்தேல ஒரு பார்ல ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா, 32 வயசு தெலுங்கு இஞ்சினியர், வேலை முடிஞ்சு நண்பரோட உக்காந்திருந்தார். ஒருத்தன் என் நாட்ட விட்டுப் போன்னு கத்தி சுட்டுட்டான். ஸ்ரீனிவாஸ் போயிட்டார், நண்பருக்குக் காயம். தடுக்க ஓடுன இயன் க்ரிலட்னு வெள்ளக்காரப் பையன் மேலயும் குண்டு பாஞ்சு பொழச்சான். அவனுக்கு ஹூஸ்டன் இந்தியர்கள் சேந்து வீடு வாங்க ஒரு லட்சம் டாலர் குடுத்தாங்க, அதக் கேட்டப்ப நான் அழுதுட்டேன். ஆனா கொஞ்ச வாரத்துல எங்க வீடுகள்ல, வெளிய தமிழ் பேசாதீங்க, சத்தமா பேசாதீங்கன்னு பிள்ளைங்களுக்கு சொல்ல ஆரம்பிச்சோம். என் பொண்ணு கடைல "அம்மா"ன்னு கூப்பிட யோசிச்சா. அந்த வலி இன்னும் இருக்கு.

அப்புறம் 2023 ஏப்ரல்ல கன்சாஸ் சிட்டில ரால்ஃப் யார்ல், 16 வயசு கறுப்பினப் பையன், தம்பிங்களக் கூட்டிட்டு வரப் போய் தெருப் பேரு மாறி வேற வீட்டு பெல்ல அடிச்சான். 84 வயசு தாத்தா கதவுக்குப் பின்னாடி இருந்து தலைல சுட்டார். பையன் பொழச்சது அதிசயம். நம்ம பசங்க கொலுவுக்கு அழைக்க, சாரணர் பாப்கார்ன் விக்கன்னு எத்தன வீட்டு பெல் அடிக்குறாங்க. நான் இப்ப தனியா அனுப்புறதே இல்ல, விளையாடப் போற வீட்லயும் முதல்லயே கேட்டுருவேன், துப்பாக்கி இருக்கா, பூட்டி வச்சிருக்கீங்களான்னு. சில பேர் முகம் மாறும், பரவால்ல. 2020-ல இருந்து இந்த நாட்டுல ஒரு வயசு தாண்டின பிள்ளைங்க, டீனேஜ் பசங்க சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான், அத நெனச்சா எனக்குக் கூச்சம் வரல.

அக்கா, பையன் லைசென்ஸ் பேப்பர எங்க வைக்கணும்னு மாமியார் ஏதாவது சொல்லிருக்காங்களா? என் பொண்ணும் அடுத்த வருஷம் பழகப் போறா.

வைகைக்கரை (மினசோட்டா):

சொல்லிருக்காங்க. டேஷ்போர்டு பெட்டில வைக்கவே கூடாது, குனிஞ்சு எடுக்குறதுதான் ஆபத்து. காஸ்டிலோட அம்மா வேலரி காஸ்டில் முன்னின்னு பரப்புற ஒரு பவுச் இருக்கு, ஏசி காத்து வர்ற இடத்துல மாட்டலாம், லைசென்ஸும் இன்சூரன்ஸும் கண்ணுக்கு நேரா வெளிய தெரியும், கை எங்கயும் போக வேணாம். எங்க ரெண்டு கார்லயும் மாட்டிருக்கோம். நான் ஓட்டுற கார்லயும்தான், ஏன்னா அத அவனும் எடுப்பான். உங்க பொண்ணுக்கும் ஒண்ணு வாங்கிடுங்க, ஆன்லைன்லயே கிடைக்குது.