மறு: கொரோனா – கர்ப்பகாலக் கையேடு: இரண்டு சொற்கள் வேண்டும், வியாழனுக்குள்

போர்ட் லூயி, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

கர்ப்பகாலத்தில் கொரோனா வந்தவர்களுக்கான நான்கு பக்கக் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. கிரியோலும் பிரெஞ்சும் முடிந்துவிட்டன. தமிழ்ப் பக்கத்தை வாசிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மொரீஷியஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள். தமிழ் வகுப்புகளுக்கும் சொற்பட்டியலோடு கொடுக்க எண்ணம். ‘எக்கோகிராஃபி’யா ‘ஸ்கேன்’ஆ என்பது சின்னக் கேள்வி. முடிவாகவேண்டியவை இரண்டு:

1. பிளசென்டாவில் (கருப்பையில் குழந்தைக்கு உணவும் மூச்சும் சேர்க்கும் உறுப்பில்) கொரோனா உண்டாக்கும் நோய். வரைவில் ‘நஞ்சுக்கொடி அழற்சி’.
2. கருவிலுள்ள குழந்தை எட்டவேண்டிய வளர்ச்சியை எட்டாமல் போவது. வரைவில் ‘கருவளர்ச்சிக் குறைவு’.

டர்பன், ஸ்கேன் பிரிவு:

அக்கா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில் எல்லாரும் ‘சோனார்’ என்பார்கள். உங்கள் ஊரில் எக்கோகிராஃபி. ‘ஸ்கேன்’ என்றால் எல்லாருக்கும் புரியும், அதையே போடுங்கள்.

இரண்டாவது சொல்லில் ‘குறைவு’ வேண்டாம். நூறு குழந்தைகளை எடை குறைந்ததிலிருந்து வரிசையாக நிறுத்தினால் முதல் பத்துக்குள் வரும் குழந்தையைச் சிறிய குழந்தை என்கிறோம். அவற்றில் பல முழு நலமாக இருக்கும்; தாயும் சிறிய உடல்வாகு, குழந்தையும் அப்படியே. எங்கள் கவலை வேறு குழந்தையைப் பற்றியது. மதிப்பிட்ட எடையோ வயிற்றுச் சுற்றளவோ முதல் மூன்றுக்குள் விழுந்தால் அதுவே போதும். பத்துக்குள் இருந்தால் கூடவே டாப்ளரும் (ஸ்கேனில் இரத்த ஓட்டத்தை அளப்பது) கெட்டிருக்கவேண்டும். பிந்திய மாதங்களில், முன்பு இருந்த வரிசையிலிருந்து சட்டென்று கீழே சரிந்திருந்தாலும் கணக்கில் வரும். 32 வாரத்துக்கு முன் ஒரு அளவுகோல், பின் வேறு. ‘குறைவு’ என்ற ஒரே சொல்லில் இரண்டு குழந்தைகளையும் அடைத்தால் நலமான குழந்தையின் தாய் அழுவார், ஆபத்திலிருக்கும் குழந்தையின் தாய் ‘நம் குடும்பமே சின்ன உடம்புதானே’ என்று இருந்துவிடுவார்.

மோக்கா, தமிழாசிரியர்:

ஐயா சொல்லும் வேறுபாட்டுக்கு நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை. அது அதன் இயல்பு, யாரும் குறை என்பதில்லை. ஐகாரம் அப்படியன்று. அதற்கு உரியவை இரண்டு மாத்திரை. சொல்லின் முதலில் ஒன்றரையாகவும் இடையிலும் கடையிலும் ஒன்றாகவும் ஒலிக்கும்போது அதை ஐகாரக்குறுக்கம் என்கிறோம். தனக்குரிய அளவை இடத்தின் காரணமாக எட்டாததே குறுக்கம். ஆகவே சிறிய குழந்தைக்குக் ‘குறுங்கரு’, இதற்குக் ‘கருவளர்ச்சிக் குறுக்கம்’. எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் ஒரே வரியில் விளக்கலாம்.

‘அழற்சி’யில் குற்றமில்லை. முயல் – முயற்சி, பயில் – பயிற்சி, அழல் – அழற்சி. லகரம் றகரமானது முறையான திரிபு.

சென் டெனி, பிரசவத் தாதி:

ஐயா, இலக்கணம் சரி. ஆனால் முதற்சொல்லைக் கட்டிலில் படுத்திருக்கும் பெண் எப்படிக் கேட்பாள் என்று பாருங்கள். ‘கொரோனாவால் உங்கள் நஞ்சுக்கொடியில்…’ என்றதுமே ‘குழந்தைக்கு விஷம் ஏறிவிட்டதா?’ என்பாள். இன்னொரு சிக்கல் ‘கொடி’. நஞ்சுக்கொடியையும் தொப்புள்கொடியையும் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். நாம் டாப்ளர் பார்ப்பது தொப்புள்கொடியில், நோய் இருப்பது மற்றதில். ஒரே பக்கத்தில் இரண்டு கொடியும் வந்தால் குழப்பம்தான்.

மோக்கா, தமிழாசிரியர்:

அம்மா, அந்த நஞ்சு விஷமன்று. மாடு கன்று ஈன்றபின் ‘நஞ்சு போட்டுவிட்டதா’ என்று கேட்பது தமிழ்நாட்டில் அன்றாடப் பேச்சு. நைதல் என்ற வினையிலிருந்து, நைந்து கழிவது நஞ்சு என்று கொள்ள இடமுண்டு. பசுவுக்கு ‘இளங்கொடி’ என்ற அழகான சொல்லும் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் ‘சூல்வித்தகம்’. வித்தகம் என்றால் திறமை என்று எண்ணிவிடக் கூடாது. வித்து + அகம், சூலின் வித்துக்கு வீடு. சூல் என்பதும் பழஞ்சொல். குறுந்தொகையில் பசும்புளிக்கு ஏங்கும் ‘கடுஞ்சூல் மகளிர்’ வருகிறார்கள், அவர்கள் சுமப்பது ‘முந்நால் திங்கள்’. பன்னிரண்டு மாதம் எப்படி என்பது தனியே விவாதிக்கத் தக்கது.

டர்பன், ஸ்கேன் பிரிவு:

திங்கள் கணக்கு இன்னொரு நாளைக்கு. 28 நாள் மாதமாகப் பார்த்தால் 40 வாரம் பத்து மாதம். கையேட்டில் வாரத்திலேயே எழுதுங்கள்.

முதற்சொல்லில் பெயரைவிட நடப்பதுதான் முக்கியம். தாயின் இரத்தம் பிளசென்டாவுக்குள் விரல்விரலான முளைகளை நனைத்து ஓடவேண்டும். கொரோனா அந்த முளைகளின் மேலுறையைச் சாகடிக்கிறது. இடைவெளிகளில் ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப்புரதம்) படிந்து இறுகுகிறது. தாயின் அழற்சி அணுக்கள் வந்து சேர்கின்றன. இரத்தம் போக இடமில்லை. 2022இல் வெளியான ஆய்வொன்று 12 நாடுகளிலிருந்து 68 பிளசென்டாக்களை எடுத்துப் பார்த்தது. 64 குழந்தைகள் இறந்தே பிறந்தவை, 4 பிறந்தபின் இறந்தவை. சராசரியாக 77.7 விழுக்காடு திசு கெட்டிருந்தது. குழந்தைக்குள் வைரஸ் நுழைந்துதான் இந்த இறப்பு என்று யாரும் எண்ணவேண்டாம்; மூச்சும் உணவும் வரும் வழி அடைபட்டதே காரணம். ஆகவே ‘அழற்சி’ பாதிதான் சொல்கிறது. ‘இறுகல்’ என்று ஏதாவது வரவேண்டும்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று. இந்த நோய் சில நாட்களிலேயே முற்றிவிடக்கூடும். எடை குறைய நேரமே இராது. தொப்புள்கொடி டாப்ளரும் நன்றாகவே இருக்கலாம். வரைவின் 3ஆம் பக்கம் ‘ஸ்கேனில் வளர்ச்சி சரியாக இருந்தால் கவலை இல்லை’ என்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால், வழக்கம்போல் இல்லையென்றால், ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். தாய்க்குக் காய்ச்சலும் இருமலும் லேசாகப் போயிருந்தாலும் இது வரலாம்.

போர்ட் லூயி, மொழிபெயர்ப்பாளர்:

வரியை எடுத்துவிட்டேன், நன்றி. சொற்பட்டியலில் டாப்ளர் பகுதி இப்படி இருக்கிறது: ‘இதய விரிவிறுதிக் குருதியோட்ட இன்மை’. வகுப்புக்குச் சரி, பெண்களுக்கு?

டர்பன், ஸ்கேன் பிரிவு:

அக்கா, பெண்களுக்கு ‘குழந்தையின் இதயம் விரிந்து முடியும் நேரத்தில் தொப்புள்கொடியில் இரத்தம் ஓடாமல் நிற்பது’ என்று முழுதாகவே எழுதுங்கள். வகுப்பில் பயிற்சி பெறுகிறவர்கள் இருந்தால் இதையும் சேர்க்கலாம்: கருவியில் சுவர் வடிகட்டியை (இரத்தக்குழாய்ச் சுவரின் அசைவால் வரும் சமிக்ஞையை நீக்கும் அமைப்பு) கூட்டி வைத்தால் மெதுவான ஓட்டம் திரையிலிருந்து அழிந்துபோகும், ஓட்டம் இருந்தும் ‘இன்மை’ என்று அறிக்கை போய்விடும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வையுங்கள். தொப்புள்கொடியின் மிதக்கும் வளையத்தில் அளக்கவேண்டும். குழந்தையின் வயிற்றருகே இரத்த ஓட்டத் தடையின் எண் கூடும், பிளசென்டா அருகே குறையும். குழந்தை மூச்சு அசைக்கும்போது அளக்கவே கூடாது. பனிக்குட நீர்: ஆழமான ஒரே பையில் 2 செ.மீ.க்குக் கீழே என்றால் குறைவு. இரண்டு வாரத்துக்குள் மறுபடி எடைக்கணக்குப் போடாதீர்கள். எடை மதிப்பீட்டுப் பிழையே 10 முதல் 15 விழுக்காடு, வளர்ச்சி எது பிழை எது என்று தெரியாது.

சென் டெனி, பிரசவத் தாதி:

நான் சொல்வது: கையேட்டில் ‘பிளசென்டா’ என்றே போடுங்கள். பிரெஞ்சு அறிக்கையிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது, பெண் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூலின் ‘தாய்சேய் இணைப்புத்திசு’வை முதல் இடத்தில் மட்டும் விளக்கமாகச் சேர்த்தால் போதும்.

மோக்கா, தமிழாசிரியர்:

மாணவர்களுக்கும் பிளசென்டாவா? பிறகு தமிழ்ப் பக்கம் எதற்கு? பணத்தாளில் தமிழ் எந்த வரியில் நிற்கவேண்டும் என்று 1998இல் குரல் எழுப்பிய தீவு இது.

சென் டெனி, பிரசவத் தாதி:

ஐயா, பணத்தாளை வாசிக்காவிட்டாலும் அது செல்லும். இந்தக் கையேட்டை வாசிக்காவிட்டால் குழந்தை போகும். மாணவர் பட்டியலில் நீங்கள் விரும்பும் சொல்லை வையுங்கள், நான் மறுக்கவில்லை.

போர்ட் லூயி, மொழிபெயர்ப்பாளர்:

நேரமாகிவிட்டது. வந்த கருத்துகளை எண்ணிப் பார்த்து முடித்திருக்கிறேன். கையேட்டில்: பிளசென்டா, ‘பிளசென்டா இறுகல் நோய்’, ‘வளர்ச்சித் தடை’. சொற்பட்டியலில்: நஞ்சுக்கொடி / சூல்வித்தகம், நஞ்சுக்கொடி அழற்சி, கருவளர்ச்சிக் குறுக்கம். ‘குறுக்கம்’ கையேட்டுக்கு வராததற்குக் காரணம், கருப்பைச் ‘சுருக்கம்’ என்று காதில் விழுந்து பிரசவ வலி என்று கொள்ளப்படலாம் என மூவர் தனியே எழுதியது.

மோக்கா, தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்கு இணங்குகிறேன். ஆனால் ‘தடை’ தவறு என்றே பதிவுசெய்யுங்கள். தடை என்றால் வெளியே நின்று தடுப்பவர் வேண்டும். இங்கே கரு வாழும் இடமே அதன் வளர்ச்சியைக் குறுக்குகிறது. அடுத்த பதிப்பில் மீண்டும் எழுப்புவேன்.

டர்பன், ஸ்கேன் பிரிவு:

பதிவு சரி. அச்சுக்கு முன் ஒரே திருத்தம்: 2ஆம் பக்கத்தில் ‘தொற்று உறுதியான 14ஆம் நாள் ஸ்கேன்’ என்றிருக்கிறது. மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்களுக்கு, நோய் தணிந்த பிறகு குறைந்தது 14 நாள் கழித்து வளர்ச்சி ஸ்கேன் என்று இருக்கவேண்டும். அசைவு குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது என்பதையும் அதே வரியில் சேருங்கள்.