புதுப்பிப்பு: காலர்ட் கீரை, பன்றிக்கறி இல்லாமல்

அமெரிக்கத் தென் மாநிலங்களில் சமைக்கும், முட்டைக்கோஸ் வகையைச் சேர்ந்த அகன்ற இலைக் காலர்ட் கீரையைப் பன்றிக்கால் சேர்க்காமல் அதே ருசியில் செய்ய முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியும். புகையிட்ட வான்கோழிக் கால் போதும்; அங்கேயே பலர் அதைத்தான் போடுகிறார்கள்.

முதலில் கறியை மட்டும் வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாயோடு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் பழுப்பாகி, சதை எலும்பை விட்டுக் கழன்ற பிறகுதான் கீரை. நடுத்தண்டைக் கிழித்தெடுத்து, இலையைச் சுருட்டி விரல் அகலத்துக்கு நறுக்கி, சிறுதீயில் இன்னொரு மணி நேரம். உப்பைக் கடைசியில் பாருங்கள், கறியிலேயே நிறைய இருக்கும். இறக்கும்போது கொஞ்சம் வினிகர்.

பாத்திரத்தில் மிஞ்சும் சாறுதான் 'பாட் லிக்கர்'. தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்! சூடான சோளரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட்டால், கீரையைவிட அதுவே எனக்குப் பிடிக்கிறது.