அடியில ஸ்பிரிங் இருக்கா, இல்லையா? பிள்ளைகளோட ரெஸ்லிங் பார்க்கப் போன பஞ்சாயத்து

தாம்பரம் தர்மா:
நேத்து பக்கத்து இழையில சிலம்பம் சேகரன் ஐயா ஒரு போடு போட்டிருக்காரு. அப்படியே தர்றேன்: "பிள்ளைகளை ரெஸ்லிங் காட்ட அழைத்துப்போகிறவன் காசு கொடுத்துப் பொய்யைக் கற்றுத்தருகிறான். மேடைக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கிறது. ஒருவனுக்கும் வலிப்பதில்லை." படிச்சதுலேருந்து எனக்குச் சோறு இறங்கலை. அந்த இழையில பதில் போட்டா சமையல் குறிப்புக்கு நடுவுல காணாமப் போயிடும், அதான் தனியா.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. ஹைதராபாத் கச்சிபௌலி இன்டோர் ஸ்டேடியம், WWE ரெஸ்லிங் நிகழ்ச்சி. நான், பையன் (அப்போ 11), பொண்ணு (அப்போ 8). சார்மினார் எக்ஸ்பிரஸ்ல போனோம். டிக்கெட் விலையில பாதிதான் இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டம்மாவுக்குத் தெரியும்.

டிவியில பார்க்கிறது வேற, நேர்ல வேற. நேர்ல வர்ணனை கிடையாது. யார் யாரை ஏன் அடிக்கிறான்னு காதுல சொல்ல ஆள் இல்லை. அதனால பிள்ளைங்களே வர்ணனை பண்ண ஆரம்பிச்சிடுதுங்க. என் பொண்ணு தெலுங்கு பேசுற ஒரு பக்கத்து சீட்டு பையனுக்குத் தமிழ்ல கதை சொல்லிட்டு இருந்தா. அவன் தலையாட்டிட்டே இருந்தான்.

குந்தரும் ஷாங்கியும் மோதுனாங்க. ஷாங்கி நம்ம நாட்டு ஆளு, ஏழடி. குந்தர் உள்ளங்கையை விரிச்சு அந்த நெஞ்சுல ஒண்ணு விட்டான் பாருங்க, பளார்னு! எங்க வரிசை வரைக்கும் கேட்டுச்சு. பொண்ணு தன் நெஞ்சைத் தானே கையால மூடிக்கிட்டா. ஐயா, அந்த நெஞ்சுக்கு அடியில எங்க ஸ்பிரிங் இருக்கு?

சிலம்பம் சேகரன்:
நான் நெஞ்சைப் பற்றிப் பேசவில்லை. மேடையைப் பற்றிப் பேசினேன். மேடைக்கு அடியில் ஸ்பிரிங் உண்டா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் தேவை. ரயில் பெயர் எனக்குத் தேவையில்லை.

கார்டு ராஜா:
அண்ணே வந்துட்டீங்களா! ரெஸ்லிங் இழைன்னா ட்ரம்ப் கார்டு (ரெஸ்லர் படமும் உயரம், எடையும் போட்ட சீட்டு) இல்லாம எப்படி? 90-கள்ல பெட்டிக்கடையில வாங்கி, உயரம் கேட்டா ஜயன்ட் கோன்சாலஸை எடுத்து எட்டடின்னு போட்டா எதிராளி காலி. எடைன்னா யோக்கோசுனா. எங்கிட்ட முழு செட்டும் இன்னும் ரப்பர் பேண்டு போட்டு இருக்கு.

ஈப்போ மணியம்:
நீங்கல்லாம் சின்னப் பசங்க. எங்க அப்பா காலத்துல சிங்கப்பூர் ஹேப்பி வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காவுல கிங்காங்னு ஒரு மல்லன் இறங்குவான். ஹங்கேரிக்காரன், ஆனா சிங்கப்பூர்லயே தங்கிட்டான். அவனுக்கு எதிரா தாராசிங். அப்பா தோள்ல உட்கார்ந்து பார்த்ததா எங்க அண்ணன் சொல்வாரு. கிங்காங் 1970-ல கார் விபத்துக்கு அப்புறம் இறந்துட்டான். அந்தக் காலத்துல ஸ்பிரிங்காவது கிஸ்பிரிங்காவது. பலகைதான் லா.

சிலம்பம் சேகரன்:
"சொல்வாரு" என்பதெல்லாம் ஆதாரம் அல்ல. அது இருக்கட்டும், 1989-இல் இதை நடத்தும் WWE நிறுவனமே (அப்போது WWF) அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திடம் இது போட்டி அல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டுவிட்டது. திருடனே ஒப்புக்கொண்ட பிறகும் வக்கீல் வாதாடுகிறார். நான் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்றுத்தருகிறேன். என் களம் மண். மண்ணுக்கு அடியில் மண்தான்.

தாம்பரம் தர்மா:
ஒப்புக்கிட்டது ஏன்னும் சொல்லுங்க. விளையாட்டுன்னு இருந்தா அரசாங்க கமிஷன் வந்து உட்காரும், கட்டணம் கட்டணும். அதுலேருந்து தப்பிக்கத்தான் "நாங்க கேளிக்கை சாமி"ன்னாங்க. முடிவு முன்னாடியே பேசி வெச்சதுன்னு அப்போ எட்டு வயசா இருந்த என் பொண்ணுக்கே தெரியும். ரயில்ல போகும்போதே "இன்னிக்கு ஜான் சீனாதான் ஜெயிப்பாரு, நிறைய பேர் அவருக்குத்தானே காசு குடுத்திருக்காங்க"ன்னா. (சீனாவும் சேத் ரோலின்ஸும் சேர்ந்து லுட்விக் கைசர், ஜியோவான்னி வின்சியை ஜெயிச்சாங்க.) தெரிஞ்சும் தொண்டை கட்டுற வரைக்கும் கத்துனா.

இதுல என்னங்க பொய்? படுகளத்துல துரியோதனன் சாகப்போறான்னு தெரிஞ்சுதானே ஊரே ராத்திரி முழுக்க உட்காருது? நம்பியாரைத் திட்டாத பாட்டி உண்டா? அவர் சபரிமலை குருசாமின்னு தெரிஞ்ச பிறகும் திட்டுனாங்களே.

ஸ்பிரிங் விஷயத்துக்கு வர்றேன். ரிங் 20 அடிக்கு 20 அடி. இரும்புச் சட்டம், மேல மரப்பலகை, அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஃபோம், மேல கான்வாஸ். அவ்வளவுதான். பலகை கொஞ்சம் வளையும். வளையறதெல்லாம் ஸ்பிரிங்னா எங்க வீட்டு பரண்கூட ஸ்பிரிங்தான்.

சிலம்பம் சேகரன்:
படுகளத்தை இந்தக் கூத்தோடு ஒப்பிட்டதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது வழிபாடு. எங்கள் ஊர்க் கோயிலில் மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் அதற்கு விறகு கொடுக்கிறது.

"பலகை வளையும்" என்று இப்போது இறங்கி வந்துவிட்டார். நாளை "சின்ன ஸ்பிரிங்" என்பார்.

தாம்பரம் தர்மா:
விறகு குடுத்தா விமர்சனத்துக்கு மேலயா? நானும் எங்க ஊர் கூத்துக்கு ஜெனரேட்டர் குடுத்திருக்கேன். மன்னிப்பெல்லாம் கிடையாது.

சும்மா படிக்கிறவன்:
முதல்ல "பொய்"னா என்ன, "நடிப்பு"ன்னா என்னன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டுச் சண்டை போட்டா நாங்களும் புரிஞ்சுக்குவோம்.

கார்டு ராஜா:
ரெஸ்லர் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு எங்க வகுப்புல எல்லாரும் நம்புனோம். இப்பவும் பாதி நம்பறேன் :)

ரெட்டைவால் அம்மா:
நானும் ரெண்டு பசங்களை வெச்சிருக்கறவதாங்க. ஸ்பிரிங் இருக்குதா இல்லையாங்கறது எனக்கு முக்கியமில்லைங்க. 1999 ராயல் ரம்பிள் நிகழ்ச்சி ஞாபகம் இருக்குதுங்களா? அமெரிக்காவுல அனாஹைம்ல நடந்தது. மிக் ஃபோலிங்கற ரெஸ்லரோட கையைப் பின்னாடி வெச்சு விலங்கு போட்டு, தி ராக்குங்கற இன்னொரு ரெஸ்லர் இரும்பு நாற்காலியால தலையிலயே அடிச்சான். பதினோரு அடி. முன்வரிசையில ஃபோலியோட மனைவியும் ரெண்டு குழந்தைகளும். இது விளையாட்டுதான்னு அந்தக் குழந்தைகளுக்கு முன்னாடியே சொல்லித்தான் உட்கார வெச்சிருந்தாங்க. ஆனாலும் வீறிட்டு அழுதாங்க, வெளியே கூட்டிட்டுப் போனாங்க. ஒரு ஆவணப்படத்துல அப்படியே பதிவாகியிருக்குது. தெரிஞ்ச குழந்தைக்கே அந்த நிலைமைன்னா, தெரியாத என் சின்னவனை நான் எப்படிங்க கூட்டிட்டுப் போறது?

சிலம்பம் சேகரன்:
அம்மா சரியாகச் சொன்னார். ஸ்பிரிங் வைத்தும் இந்தக் கதி.

ரெட்டைவால் அம்மா:
நான் ஸ்பிரிங் பத்தியே பேசலைங்க.

தாம்பரம் தர்மா:
அம்மா சொன்ன அந்த மேட்ச் எனக்கும் வயித்தைக் கலக்குறதுதான், மறுக்கலை. ஆனா அது 99. 2008-லேருந்து நிகழ்ச்சியே பிள்ளைங்க பெற்றோரோட பார்க்கிற தரத்துக்கு மாறியாச்சு. தலையில நாற்காலி அடி 2010-ல தடை. கச்சிபௌலியில ஒரு சொட்டு ரத்தம் பார்க்கலை. மறுநாள் ஸ்கூல் லீவு போட்டதுதான் அங்க நடந்த பெரிய குற்றம்.

இன்னொண்ணு. சேகரன் ஐயா "ஒருவனுக்கும் வலிப்பதில்லை"ன்னாரே. அதே 1999 மே 23, கான்சஸ் சிட்டி. ஓவன் ஹார்ட்டுங்கிற ரெஸ்லர் கூரையிலேருந்து கயித்துல இறங்கும்போது கொக்கி கழண்டு ரிங்குக்குள்ள விழுந்து செத்தான். ஸ்பிரிங் இருந்துச்சே, ஏன் பிழைக்கலை? பதில் சொல்லுங்க.

சிலம்பம் சேகரன்:
அவர் இறந்தது மிக வருந்தத்தக்கது. ஆனால் அதற்காக ஸ்பிரிங் இல்லை என்று ஆகாது.

ஈப்போ மணியம்:
ரெஸ்லர் கிரேட் காலியைப் பத்தி யாரும் பேசலையே. 2007-ல உலக சாம்பியன் ஆனாரு நம்ம ஆளு. இமாசலப் பிரதேசம்.

கார்டு ராஜா:
மணியம் சார், தயவுசெஞ்சு வேண்டாம். போன வருஷம் காலிக்கு நடக்கவே வராதுன்னு நான் சொன்னதுக்கு நீங்க எனக்கு நாலு மாசம் பதிலே போடலை. நான் மறக்கலை.

ஈப்போ மணியம்:
நானும் மறக்கலை. மனுஷன் ஏழடிக்கு மேல. நீ அஞ்சரை அடி இருந்துக்கிட்டு நடையைக் குறை சொல்றே.

கார்டு ராஜா:
அஞ்சே முக்கால்.

தாம்பரம் தர்மா:
ரெண்டு பேரும் வெளிய போய் அடிச்சுக்கோங்க. இது என் இழை.

என் பொண்ணு என்ன சொன்னான்னு கேளுங்க. அவளுக்கு ஹைதராபாத்துலேருந்தே சீனா பிடிக்கலை, குந்தர்தான் பிடிக்கும். ஏன்டின்னு கேட்டா, "சீனா எல்லாரையும் பார்த்து கையாட்டுறாரு. குந்தர் வேலையை மட்டும் பார்க்குறாரு"ன்னா. 2025 டிசம்பர் 13 வாஷிங்டன்ல சீனாவோட கடைசி மேட்ச், எதிர்ல குந்தர். "கைவிடாதே"ன்னு வாழ்க்கை பூரா பனியன் வித்த மனுஷன், கையால தட்டி, தோத்துட்டேன்னு சரண்டர் ஆயிட்டாரு. பையன் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். பொண்ணு குதிக்கலை. போய் கதவுக்கு வெளியே உட்கார்ந்துக்கிட்டு, "அண்ணா, அவரே முடிவு பண்ணித்தான் தோத்திருக்காரு, அழாதே"ன்னா. உள்ளேருந்து, "அது தெரியும் போடி"ன்னு சத்தம்.

இந்தப் பிள்ளைங்களுக்கு நான் பொய் கத்துக்குடுத்தேனாம்.

சிலம்பம் சேகரன்:
உருக்கமாக எழுதுகிறார். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. என் மாணவன் ஒருவன் சென்னையில் ஒரு பயிற்சிக்கூடத்தில் ரெஸ்லிங் மேடையில் ஏறிப் பார்த்திருக்கிறான். "ஐயா, குதித்தால் தூக்குகிறது" என்றான். மண் தூக்காது.

தாம்பரம் தர்மா:
அப்போ "சொல்வாரு" ஆதாரம் இல்லைன்னீங்க. "என்றான்" மட்டும் ஆதாரமா?

கார்டு ராஜா:
அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பழைய ரிங் சிலதுல நடுவுல ஒரு பெரிய ஸ்பிரிங் வெச்சது உண்டு. நான் படிச்சிருக்கேன். எல்லா ரிங்கும் ஒரே மாதிரி இல்லை.

சிலம்பம் சேகரன்:
பார்த்தீர்களா! அவர்கள் அணியிலிருந்தே உண்மை வந்துவிட்டது. நன்றி ராஜா தம்பி. இந்த இழையை இத்தோடு மூடலாம்.

தாம்பரம் தர்மா:
ராஜா, நீ எதுக்குடா இப்ப வாயைத் திறந்தே? "பழைய ரிங், சிலது"ன்னு அவன் சொன்னதை ஐயா வசதியா முழுங்கிட்டாரு. நான் பார்த்தது 2023-ல, கச்சிபௌலியில. அந்த ரிங்கைப் பத்திப் பேசுங்க.

இருந்ததுன்னே வெச்சுக்குவோம், ஒரு பேச்சுக்கு. சர்க்கஸ்ல அடியில வலை கட்டுறான். வலை இருக்கிறதால மேல பறக்கிறவன் பொய்யா? 120 கிலோ ஆளு மூணாவது கயித்து மேல ஏறி நின்னு முதுகால விழறான். ஐயா, நீங்க எங்க வீட்டு கட்டில் மேல ஏறி மெத்தையில முதுகால விழுங்க. மெத்தையில ஸ்பிரிங் உண்டு, நானே கியாரண்டி. விழுந்துட்டு வந்து வலிக்கலைன்னு எழுதுங்க.

சிலம்பம் சேகரன்:
"இருந்ததுன்னே வெச்சுக்குவோம்" - இதைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டேன்.

ரெட்டைவால் அம்மா:
கட்டில்னு சொன்னதும் ஞாபகம் வருதுங்க. எங்க தம்பி சின்ன வயசுல கட்டில்லேருந்து என் மேல குதிச்சு, அவனோட காறை எலும்பு உடைஞ்சுது. எனக்கு ஒண்ணும் ஆகலை. அடி எனக்குத்தான் விழுந்துச்சு, அம்மாகிட்டேருந்து. நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலைங்க. எந்த வயசுல கூட்டிட்டுப் போகலாம்? என் சின்னவனுக்கு அஞ்சு.

ஈப்போ மணியம்:
எங்க அண்ணன் அப்பா தோள்ல உட்கார்ந்தப்ப அவருக்கு மூணு வயசு.

கார்டு ராஜா:
இன்னொரு விஷயம். 1996-ல வந்த 'கிலாடியோன் கா கிலாடி' இந்திப் படத்துல அக்‌ஷய் குமாரோட மோதுனது அண்டர்டேக்கரே இல்லை. பிரையன் லீன்னு வேற ஒருத்தர். இதைச் சொன்னா எங்க சித்தப்பா இன்னும் ஒத்துக்க மாட்டேங்கிறாரு.

ஈப்போ மணியம்:
சும்மா உளறாதே. அது அண்டர்டேக்கர்தான். நான் தியேட்டர்ல பார்த்தேன்.

கார்டு ராஜா:
தியேட்டர்ல பார்த்தா அவரா ஆயிடுவாரா?

தாம்பரம் தர்மா:
ராஜா சொல்றது சரி, மணியம் சார் சொல்றது தப்பு, ரெண்டுமே இந்த இழைக்கு வேண்டாம்.

அம்மா, அஞ்சு வயசுக்குப் பதில் சொல்றேன். சண்டையை விட சத்தம்தான் பிரச்சினை. ஆள் உள்ள நுழையும்போது பாட்டும் வெடியும் காதைப் பிளக்கும். ஹைதராபாத்துல எங்க முன்னாடி ஒரு சின்னக் குழந்தை முதல் பாட்டுக்கே அழ ஆரம்பிச்சு, அவங்க அப்பா மீதி நேரம் பூரா வெளியே பாப்கார்ன் வாங்கிக்கிட்டு நின்னாரு. பாவம், அவரும் சீனா பனியன் போட்டிருந்தாரு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் போகட்டும். போறதா இருந்தா காதுக்குப் பஞ்சு எடுத்துக்கோங்க, தண்ணி பாட்டில் வாசல்லயே வாங்கி வெச்சுக்குவாங்க, ஏறுறதுக்கு முன்னாடி பாத்ரூம்...

ஐயாவுக்கு: திரைப்பிடிப்பு எடுத்தீங்கல்ல, அதுக்கு முன்னாடி இருந்த "ஒரு பேச்சுக்கு"ங்கிறதையும் சேர்த்து எடுத்தீங்களா?

சிலம்பம் சேகரன்:
தேவையான பகுதியை எடுத்திருக்கிறேன்.

சும்மா படிக்கிறவன்:
ராஜா அண்ணே, அந்த கார்டு செட்டை விக்கிறீங்களா?

கார்டு ராஜா:
உயிரே போனாலும் கிடையாது. ஆனா கோன்சாலஸ் ரெண்டு இருக்கு, ஒண்ணு தர்றேன். பதிலுக்கு யோக்கோசுனா இருக்கா?

தாம்பரம் தர்மா:
என் பையன் பின்னாடி நின்னு படிச்சுட்டு, "அப்பா, ரிங்கோட பக்கத் துணியைத் தூக்கி நான் பார்த்தேன்ல, நாற்காலியும் மேசையும்தான் இருந்துச்சு"ங்கிறான். எப்படா பார்த்தே, நாம உட்கார்ந்தது எத்தனையாவது வரிசைன்னு கேட்டேன். பதில் இல்லாம ஓடிட்டான். நாளைக்கு போட்டோ தேடி எடுத்துப் போடுறேன்.

சிலம்பம் சேகரன்:
காத்திருக்கிறேன். துணிக்கு அடியில் எடுத்த போட்டோவாக இருக்கட்டும்.