மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்: உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?

கோவைக்காரி:
மென்பொருள் கம்பெனியில் டீம் லீட். இந்த முறை அப்ரைசலில் நல்ல ரேட்டிங் வந்தது. சந்தோஷத்துக்கு முன்னால் "மேனேஜர் என்னைச் சரியாகக் கவனிக்கவில்லை போல" என்ற நினைப்புதான் வந்தது. ஆனால் போன ரிலீஸில் ஒரு பக் (மென்பொருள் பிழை) ப்ரொடக்‌ஷன் வரை போனதே, அப்போது அப்படித் தோன்றவில்லை. அது முழுக்க என் லட்சணம் என்றுதான் பட்டது. நல்லது நடந்தால் டீம், அதிர்ஷ்டம், க்ளையன்ட் தங்கமானவர். கெட்டது நடந்தால் நான் மட்டும். கணக்கு எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறதே என்று கவனித்த பிறகுதான் இம்போஸ்டர் சிண்ட்ரோம் பற்றி, அதாவது திறமை இருந்தும் நாம் போலி, ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் பற்றித் தேடிப் படித்தேன்.

அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் க்ளான்ஸ், சுசான் ஐம்ஸ் இருவரும் 1978-ல் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். நன்றாகப் படித்து நல்ல நிலைக்கு வந்த பெண்களிடம் பார்த்ததை வைத்து எழுதியது. ஆண்களுக்கும் உண்டு என்பது பிறகு வந்த ஆய்வுகளில் தெரிந்தது. மனநோய்ப் பட்டியலில் இது கிடையாது. க்ளான்ஸ் 1985-ல் ஓர் அளவுகோலும் கொடுத்தார்: 20 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 40 வரை லேசு, 60 வரை நடுத்தரம், 80 வரை அடிக்கடி, அதற்கு மேல் கடுமை.

எனக்கு எழுபதைத் தாண்டியது. ஆனால் ஓர் இடத்தில் சிரிப்பு வந்தது. பதவி உயர்வு உறுதியாகும்வரை வெளியே சொல்லத் தயங்குவீர்களா என்ற பொருளில் ஒரு வாக்கியம். நம் வீடுகளில் யார்தான் சொல்கிறார்கள்? ஆர்டர் கைக்கு வரும்வரை அம்மா வாயைத் திறக்க விடமாட்டார், கண் பட்டுவிடுமாம். பாராட்டினால் "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்பதும் வளர்ப்புதான். அதனால் வெளியே என்ன சொல்கிறேன் என்பதை விட்டுவிட்டு, தனியாக இருக்கும்போது எதை நம்புகிறேன் என்று கேட்டு மறுபடி போட்டேன். கொஞ்சம் குறைந்தது, ஆனால் அறுபதுக்குக் கீழே இறங்கவில்லை. உங்களுக்கு எப்படி?

ஹவுஸ் சர்ஜன்:
அக்கா, நான் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு 2020-ல் வந்ததே, அதில் சேர்ந்த முதல் பேட்ச். "எந்த கோட்டா?" என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன். அவர்கள் கண்டுபிடிப்பதைவிட அது மேல் என்று நினைப்பு.

கேஸ் பிரசன்டேஷன் என்றால் ராத்திரி முழுக்க எழுதி எழுதிப் பார்ப்பேன். நன்றாக வந்தால், முழித்ததால் வந்தது, என்னால் இல்லை. என் ரூம்மேட் நேர் எதிர். கடைசி நிமிஷம்வரை புத்தகத்தைத் தொடமாட்டாள், பாஸ் ஆனால் "லக்குடி" என்பாள். இந்த இரண்டு வகையையுமே க்ளான்ஸ் எழுதியிருக்கிறார் என்று பிறகு படித்தபோது, எங்கள் ரூமுக்குள் வந்து பார்த்த மாதிரி இருந்தது. அளவுக்கு மீறித் தயார் செய்தால் புகழ் உழைப்புக்குப் போகிறது, தள்ளிப்போட்டால் அதிர்ஷ்டத்துக்குப் போகிறது. இரண்டிலும் "எனக்குத் தெரியும்" என்பதற்கு இடமே இல்லை.

எனக்குத் தெளிவு வந்தது குழந்தைகள் வார்டில். வயிற்றுப்போக்கில் வாடிப்போய் வரும் குழந்தைக்கு நரம்பே கிடைக்காது. வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட முடியாதபோது சிஸ்டர் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். "மேடம், நீங்க வந்து போடுங்க." அந்த நேரத்தில் யாரும் கோட்டா பார்த்துக் கூப்பிடுவதில்லை. பரீட்சைத் தாள் திருத்தியவருக்கும் நான் எந்தப் பள்ளி என்று தெரியாது. நான் என்ன நினைக்கிறேன் என்பதைவிட, எந்த வேலைக்கு என்னைத் தேடி வருகிறார்கள் என்று பார்ப்பது எனக்கு நம்பகமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நானும் அந்த அளவுகோலைப் போட்டுப் பார்த்தேன், வந்த ஸ்கோரில் பாதி என்னுடையது இல்லை. மூன்று வருஷம் மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து "உங்களுக்கெல்லாம் ஈஸி" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதை என் மனக்கோளாறு என்று எழுதிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

வரவு செலவு:
ஆடிட்டர் ஆபீஸ், திருச்சி. கொஞ்சம் எதிர்க்கட்சி பேசுகிறேன். எங்களிடம் சேர்ந்த பையன், "சார், எனக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம்" என்றான். என்ன தெரியவில்லை என்று கேட்டேன். ஜிஎஸ்டிஆர் 2பி-யை (வாங்கியதற்கான வரிப் பட்டியல்) பர்ச்சேஸ் ரெஜிஸ்டரோடு ஒப்பிடத் தெரியவில்லையாம். தம்பி, அது சிண்ட்ரோம் இல்லை, தெரியாத வேலை! பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன், பயம் போய்விட்டது. "எது தெரியவில்லை?" என்ற கேள்விக்குக் குறிப்பாகப் பதில் வந்தால் கற்றுக்கொள்ளுங்கள். பதிலே வராமல், பயம் மட்டும் அப்படியே நின்றால் நீங்கள் சொல்லும் சமாச்சாரமாக இருக்கலாம். எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது இரண்டாவது வகைதான். யாரிடமும் சொன்னதில்லை.

ராக்கோழி:
ஸ்கோரை ரொம்ப நம்பாதீர்கள். 2020-ல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு, இது 9% முதல் 82% பேர் வரை இருப்பதாக வந்தது. எந்த அளவுகோல், எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து அவ்வளவு மாறுகிறது. மனச்சோர்வும் பதற்றமும் கூடவே இருப்பது சகஜம் என்றும் அதில் இருந்தது. எனக்கு அதுதான் நடந்தது. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல் ஆன பிறகும் "இம்போஸ்டர்தானே" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டத்தில் டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.

கோவைக்காரி:
நன்றி ராக்கோழி. தூக்கம் இதுவரை பரவாயில்லை, கவனித்துக்கொள்கிறேன்.

வரவு செலவு சார், உங்கள் கேள்வியை எனக்கே போட்டுப் பார்த்தேன். குறிப்பாக வந்த ஒரே பதில் குபர்நெட்டீஸ், எங்கள் துறையில் சர்வர்களில் மென்பொருளை இயக்க உதவும் ஒரு கருவி. அதற்கு கோர்ஸில் பெயர் கொடுத்தாயிற்று. மற்றபடி பயம் மட்டும்தான். ஹவுஸ் சர்ஜன் தங்கச்சி, யார் எதற்கு என்னைத் தேடி வந்தார்கள் என்று மெயிலில் பார்த்தேன். பக்கத்து டீம்காரர்கள் டிசைன் ரிவ்யூவுக்கு என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். "வேறு யாரும் ஃப்ரீயாக இல்லை போல" என்று உடனே மனசு சொன்னது. அதையும் சேர்த்தே குறித்து வைத்திருக்கிறேன். பி.ஜி.க்குப் படிக்க ஆரம்பித்துவிட்டாயா?